தொள்ளாயிரம் பவருக்கு ஒரு கண்ணாடி

2 ஆகஸ்ட் 2025, சனி

கண் டெஸ்ட் முடிஞ்சிச்சு. வலது மைனஸ் 8.75, இடது மைனஸ் 9.25, இடதுல கொஞ்சம் அஸ்டிக்கும் (அஸ்டிக்மாட்டிசம், கருவிழி வளைவு ஒரே சீரா இல்லாதது) இருக்கு. நம்ம ஊரு பேச்சுல சொன்னா, மைனஸ் 1க்கு நூறுன்னு கணக்கு, தொள்ளாயிரம் பவர். அம்மாகிட்ட சொன்னதும் கேரட் கதைய ஆரம்பிச்சிட்டாங்க, சின்ன புள்ளையிலருந்து நான் தின்ன கேரட்டுக்கு குறைஞ்சது நூறு பவராவது எறங்கிருக்கணும்.

மால்ல இருக்கற கடைக்குதான் போனேன். அந்த பொண்ணு பவர பாத்ததுமே "உங்களுக்கு 1.74 தான் கா, அதுதான் ஆக மெல்லிசு"ன்னு கால்குலேட்டர எடுத்துருச்சு. 1.74ங்கறது லென்ஸ் மெட்டீரியலோட இண்டெக்ஸ், அதாவது வெளிச்சத்த எவ்ளோ வளைக்குதுங்கற நம்பர், அது கூடக் கூட லென்ஸ் மெல்லிசாகும். ஆயிரத்து எரநூறு வெள்ளியாம் (மலேசிய ரிங்கிட்), நீல வெளிச்சத்த தடுக்கற ப்ளூ கட் கோட்டிங் தனி காசு. ஃப்ரேமே இன்னும் எடுக்கல, அதுக்குள்ள லென்ஸ் பில் ரெடி. யோசிச்சிட்டு வரேன்னு சொல்லிட்டு கிளம்பிட்டேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

பசியாறிட்டு தம்பியோட வெர்னியர் காலிபர எடுத்து இப்ப போட்டுருக்கற கண்ணாடிய அளந்தோம். இதுவும் 1.74 தான், ஆனா காது பக்கத்து ஓரம் 7 மில்லிய தாண்டுது! தம்பி நம்பவே இல்ல, கழுவிட்டு ரெண்டாவது தடவ அளந்தான், அதே 7.

அப்புறம் உக்காந்து கணக்கு போட்டேன். மைனஸ் லென்ஸ் நடுவுல மெல்லிசு, ஓரத்துல தடிப்பு. அந்த தடிப்பு எவ்ளோன்னா, லென்ஸ் நடுவுலருந்து ஓரம் வரைக்கும் உள்ள தூரத்த (மில்லிமீட்டர்ல) அதாலயே பெருக்கி, பவரால பெருக்கி, அத 2000 × (இண்டெக்ஸ் − 1) ஆல வகுக்கணும், தோராயமா வந்துரும், நடு தடிப்பு ஒரு மில்லி சொச்சம் மேல சேத்துக்கலாம். இதுல முக்கியம் என்னன்னா தூரம் ரெண்டு தடவ பெருக்கப்படுது, இண்டெக்ஸ் ஒரு தடவதான் வருது. அப்ப லென்ஸ் காச விட ஃப்ரேம் சைஸ்தான் பெரிய விஷயம், அத அந்த கடையில ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்லல.

கண்ணாடி கம்பியோட உள்பக்கம் 54-18-140ன்னு பொடி எழுத்துல இருக்கும். 54 லென்ஸ் அகலம், 18 மூக்கு இடைவெளி, 140 காது கம்பி நீளம். முதல் ரெண்டையும் கூட்டுனா 72. என் ரெண்டு கருவிழிக்கும் நடுவுல உள்ள தூரம், அதாவது பிடி, 62. பத்து மில்லி வித்தியாசம், அதனால ஒவ்வொரு லென்சோட மையத்தையும் மூக்கு பக்கமா 5 மில்லி தள்ளணும், காது பக்கம் 27 இருக்க வேண்டிய தூரம் 32 ஆயிரும். என் புது பவருக்கு இதே ஃப்ரேம்ல 1.74 போட்டா ஏழரை மில்லி. அதுவே 44-20 ஃப்ரேம்னா கூட்டுனா 64, தூரம் 23 தான், வெறும் 1.60 போட்டாலே அஞ்சே கால் மில்லிக்குள்ள முடிஞ்சிரும்!! பாதி காசு கூட ஆகாது.

தம்பி பேப்பர திருப்பி திருப்பி பாத்துட்டு "அப்ப அவங்க ஏன்கா பெரிய ஃப்ரேமா எடுத்து காட்டுறாங்க"ன்னான். ஃபேஷன்டா, வேற என்ன.

5 ஆகஸ்ட், செவ்வாய்

ஈவ்னிங் ஷிஃப்ட் முடிஞ்சு பாயான் லெப்பாஸ்லருந்து மோட்டார் சைக்கிள்ல பினாங்கு பாலத்துல வரும்போது கவனிச்சேன். நேரா பாத்தா வெளக்கு வெளக்காதான் இருக்கு, தலைய திருப்பாம கண்ண மட்டும் ஓரமா ஓட்டுனா ஒவ்வொரு வெள்ளை லைட்டுக்கும் ஒரு பக்கம் நீலம், இன்னொரு பக்கம் ஆரஞ்சு கரை. இத்தன வருஷமா கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு ஒரு பயம் உள்ளுக்குள்ள இருந்துச்சு. கண்ணு இல்லயாம், லென்ஸ்தான்.

அபே நம்பர்னு ஒன்னு இருக்கு, கூடுதலா இருந்தா நல்லது, நெறம் கம்மியா பிரியும். சாதா பிளாஸ்டிக் 1.50க்கு 58. 1.60ல மிட்சுய் கம்பெனியோட எம்ஆர்-8ங்கற லென்ஸ் மெட்டீரியலுக்கு 41. 1.67க்கு 31, 32. 1.74க்கும் 32, 33 கிட்டதான். பாலிகார்பனேட் இண்டெக்ஸ் 1.59, எம்ஆர்-8ஓட ஒட்டி நிக்குது, ஆனா அபே 30, அதுதான் இருக்கறதுலயே மோசம். அது லேசுல உடையாது, பிள்ளைங்களுக்கும் சேஃப்டி கண்ணாடிக்கும் சரி, எனக்கு வேணாம். பவர் கம்மியா உள்ளவங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது, எனக்கு லென்ஸ் நடுவுலருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி பாத்தாலே 9 பிரிசம் (வெளிச்சத்த ஒரு பக்கமா வளைக்கற அளவு) வந்துருது, அதான் கரை இப்படி தெரியுது.

9 ஆகஸ்ட், சனி

பட்டர்வொர்த்ல ஒரு சின்ன கடை, கண் பவர் பாக்கற ஆப்டோமெட்ரிஸ்ட் நம்ம தமிழ் பையன்தான். பேப்பர காட்டுனதும் சிரிச்சிட்டு "அக்கா நீங்களே எல்லாம் போட்டுட்டு வந்துட்டீங்க, நான் என்ன செய்ய"ன்னான். ஆனா ஒன்னு சொன்னான், பிடிய மொத்தமா 62ன்னு எழுதக்கூடாதாம், ஒவ்வொரு கண்ணுக்கும் தனியா எடுக்கணும். எடுத்து பாத்தா வலது 30.5, இடது 31.5. என் மூக்கு நட்ட நடுவுல இல்லங்கறது இன்னைக்குதான் தெரியும்.

ஃப்ரேம் தேடுறதுதான் பெரும்பாடு. பெரியவங்க செக்ஷன்ல எல்லாமே 52, 54. கடைசியா ஒரு வட்ட ஃப்ரேம், 44-20, தடிச்ச கறுப்பு பிளாஸ்டிக், ஓரத் தடிப்ப அந்த விளிம்பே பாதி மறைச்சிரும். போட்டுட்டு கண்ணாடியில பாத்தா தமிழ் ஸ்கூல் வாத்தியார் மாதிரி இருந்தேன். சரி போகட்டும்.

1.60, எம்ஆர்-8ன்னு பில்லுல எழுதி வாங்கிட்டேன், ஏன்னா 1.60ன்னு சொல்லிட்டு வேற மெட்டீரியலும் வரும். இதே ஃப்ரேமுக்கு 1.74 போட்டா முக்கா மில்லிதான் குறையும், பாலத்துல அந்த நீலக் கரையோட போறதுக்கு அது எனக்கு வேணாம். கிளேர் (பளபளன்னு திருப்பி அடிக்கற வெளிச்சம்) வராத கோட்டிங் கண்டிப்பா வேணும், அதுல கஞ்சம் கூடாது, இண்டெக்ஸ் ஏற ஏற லென்ஸ் பளபளப்பும் ஏறும், கோட்டிங் இல்லாத 1.74 ஒரு பக்கத்துக்கே 7 சதவீத வெளிச்சத்த திருப்பி அடிக்கும். ப்ளூ கட் வேணாம்னுட்டேன். மருத்துவ ஆய்வுங்கள அலசி தொகுக்கற கொக்ரேன் அமைப்பு 2023ல போட்ட ஆய்வுத் தொகுப்புல கம்ப்யூட்டர் கண் அசதிக்கு அது பெருசா உதவுன மாதிரி தெரியலன்னுதான் இருக்கு. பையனும் வற்புறுத்தல, நல்ல பையன்.

14 ஆகஸ்ட், வியாழன்

லென்ஸ் இன்னும் வரல. லீவு போட்டு கண் டாக்டர்கிட்ட போய் சொட்டு மருந்து விட்டு விழித்திரைய பாத்துட்டு வந்தேன், பவர் அறநூற தாண்டுனவங்களுக்கு விழித்திரை கிழியற ஆபத்து கூடுதல், கண்ணாடி எவ்ளோ நல்லா இருந்தாலும் அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஓட்டை எதுவும் இல்லன்னாங்க. திடீர்னு மின்னல் அடிக்கற மாதிரி இருந்தாலோ கறுப்பு புள்ளிங்க கூட்டமா வந்தாலோ அன்னைக்கே ஓடி வரணும்னு சொல்லி அனுப்புனாங்க. சொட்டு விட்டா சாயந்திரம் வரைக்கும் வெயில் கூசும், மோட்டார் ஓட்ட முடியாது, தம்பிதான் வந்து ஏத்திட்டுப் போனான்.

20 ஆகஸ்ட், புதன்

வந்துருச்சு! கடையிலயே மெஷின்ல வச்சு மையத்துல புள்ளி போட சொன்னேன், மாட்டிட்டு நின்னேன், ரெண்டு புள்ளியும் கருவிழி மேல கரெக்டா உக்காந்துச்சு. காலிபர்ல ஓரம் 5.2. கணக்கு தப்பல.

முதல் ஒரு மணி நேரம் தரை கொஞ்சம் மேடா தெரிஞ்சிச்சு, அப்புறம் சரியாயிருச்சு. பாலத்துல நீலக் கரை முழுசா போகல, பாதி போயிருக்கு, அது போதும். மூக்கு வேர்த்து வழுக்குறதுதான் பிரச்சனை, எனக்கு கண்ணாடி 4 மில்லி கீழ எறங்குனாலே 30 பவர் குறைஞ்ச மாதிரி ஆயிரும், எதிர்ல வர லோரி நம்பர் மங்குது. சிலிக்கான் பேட் ஒட்டி, கம்பிய காதுக்குப் பின்னால இன்னும் கொஞ்சம் வளைச்சு தர சொல்லிருக்கேன், சனிக்கிழம போகணும்.

தம்பி பாத்துட்டு எனக்கும் 1.74 வேணும்ங்கறான். அவன் பவர் முன்னூத்தம்பது. டேய், உனக்கு 1.50 போட்டாலே ஒன்னும் தெரியாது, அந்த காசுல அம்மாவுக்கு புது அரவை மெஷின் வாங்கிக் குடுன்னேன். மூஞ்ச தூக்கி வச்சிட்டு போயிட்டான்.