எல்லாமே டேட் ஃபைல்தான், அப்ப எத வச்சு பிரிக்கறது?

லெகோ கல்ல கம்ப்யூட்டர்ல அடுக்கறவங்க எல்டிரா (LDraw) லைப்ரரிய, அதாவது லெகோ பார்ட் ஒவ்வொண்ணையும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு வச்சிருக்கற ஃபைல் தொகுப்ப, எப்படியும் ஒரு நாள் திறந்து பாத்திருப்பீங்க. ஆஸ்திரேலியாக்காரர் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995ல ஆரம்பிச்சு வச்சது, அவர் 1997லயே காலமாயிட்டார், ஆனா அவர் போட்டுக் குடுத்த ஃபார்மேட்லதான் இன்னிக்கும் ரசிகர்கள் ஒவ்வொரு பார்ட்டா உக்காந்து வரைஞ்சு சேத்துட்டு இருக்காங்க. எனக்கு அந்த உழைப்பு மேல பெரிய மரியாதை உண்டு.

புதுசா வர்றவங்க தடுமாறுற இடம் ஒண்ணு இருக்கு. உள்ள போனா பூரா டேட் (.dat) ஃபைல், எக்ஸ்டென்ஷன பாத்து ஒண்ணுமே சொல்ல முடியாது. எந்த ஃபோல்டர்ல இருக்கு, ஹெடர்ல, அதாவது ஃபைலோட தலைப்பு வரிகள்ல, என்ன எழுதியிருக்கு, இந்த ரெண்டுதான் கணக்கு.

3001ங்கற ஃபைல் நம்ம 2க்கு 4 கல்லு, அது பார்ட்ஸ் (parts) ஃபோல்டர்ல இருக்கும். நோட்பேட்லயே திறக்கலாம், எல்லாம் வெறும் டெக்ஸ்ட்தான். வரி 0ல ஆரம்பிச்சா குறிப்பு, 1னா இன்னொரு ஃபைல கூப்பிடுது, 2 கோடு, 3 முக்கோணம், 4 நாற்கோணம், 5 பாக்கற கோணத்துக்கு ஏத்த மாதிரி தெரியுற கோடு. மேல இருக்கற குமிழ் இருக்கே, ஸ்டட், அத ஒவ்வொரு கல்லுக்கும் யாரும் திரும்ப வரையல, பி (p)ங்கற ஃபோல்டர்ல ஒரே ஒரு தடவ வரைஞ்சு வச்சிருக்காங்க, எல்லா கல்லும் அதத்தான் கூப்பிடுது. அதுக்குப் பேரு ப்ரிமிட்டிவ். பிக்குள்ளயே 48னு ஒரு ஃபோல்டர், வட்டத்த 16க்கு பதிலா 48 துண்டா வெட்டினது, பெரிய வளைவுக்கு அதான் அழகா இருக்கும்.

பார்ட்ஸ்க்குள்ள எஸ் (s)னு ஒரு ஃபோல்டர், அது சப்பார்ட்டுக்கு. ஒரு கல்லோட முகத்துல வேற வேற பிரிண்ட் வரும்போது அந்த முகம் தவிர மிச்ச உடம்ப தனியா வச்சுட்டா ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் முழுசா வரைய வேண்டாம் பாருங்க, அதுக்குத்தான். டைட்டில் முன்னாடி நெளிகோடு (~) இருந்தா அத நேரா மாடல்ல போட வேணாம்னு அர்த்தம். அப்புறம் ஷார்ட்கட், மினிஃபிக்ங்கற லெகோ குட்டி பொம்மையோட இடுப்பும் ரெண்டு காலும் சேந்து ஒரே ஃபைலா இருக்கற மாதிரி, இது மட்டும் பார்ட்ஸ் கூடவே கலந்து கிடக்கும், ஹெடர்ல எல்டிரா ஆர்க் (!LDRAW_ORG) வரிய படிச்சாதான் தெரியும். அந்த ஒரு வரியில பார்ட்டா, சப்பார்ட்டா, ப்ரிமிட்டிவா, ஷார்ட்கட்டா, இல்ல இன்னும் லைப்ரரியில முறையா சேராத அன்அஃபிஷியலா, எல்லாமே இருக்கு. எந்த ஃபைல் எங்க போகணும்னு சந்தேகம் வந்தா அதத்தான் பாருங்க, பேர வச்சு ஊகிக்காதீங்க.

நம்ம கட்டற மாடல் ஃபைலுக்கு எக்ஸ்டென்ஷன் எல்டிஆர் (.ldr), பல மாடல் சேந்த ஒரே ஃபைல்னா எம்பிடி (.mpd). முன்ன மாடலுக்கும் டேட்தான் வச்சாங்க, எது கல்லு எது வீடுன்னே தெரியாது, அதனாலதான் எல்டிஆர் வந்துச்சு. இவ்வளவு தெளிவா பிரிச்சுக் குடுத்த அப்புறமும் சொந்த மாடல பார்ட்ஸ் ஃபோல்டர்லயே சேவ் பண்றவங்கள பாத்தா எனக்கு மனசு கேக்கவே மாட்டேங்குது. லைப்ரரிய தொடாதீங்க, உங்க மாடலுக்கு வெளிய தனி ஃபோல்டர் வைங்க, அன்அஃபிஷியல் பார்ட்ட அதுக்குன்னு இருக்கற ஃபோல்டர்லயே வைங்க. அப்படி வச்சா அடுத்த அப்டேட் வரும்போது பழைய பார்ட்ஸ், பி ஃபோல்டர மட்டும் தூக்கிட்டு புதுசு போட்டுக்கலாம், உங்களுது எதுவும் போகாது. நீங்களே வரைஞ்ச பார்ட் இருந்தா மாடல அனுப்பும்போது எம்பிடிக்குள்ளயே அதையும் சேத்து அனுப்பிடுங்க, வாங்கறவங்க கிட்ட அந்தக் கல்லு இருக்காதில்லையா.