டெர்மினலில் ஒரு பேச்சு, லாக் ஃபைலில் வேறு பேச்சு

நானும் இன்னும் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளும் சின்ன கமாண்ட் லைன் டூல் ஒன்று இருக்கிறது. சி மொழியில் எழுதியது. ஒரு ஃபோல்டரில் மாறியிருக்கும் ஃபைல்களை மட்டும் இன்னொரு இடத்துக்கு நகலெடுத்து வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. ஒருநாள் அதைப் பயன்படுத்துபவர் ஒருவரிடமிருந்து புகார் வந்தது. இரவில், குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் க்ரான் மூலம் ஓடும்போது ஒரே ஒரு ஃபைல் நகலாவதில்லை, லாகில் அந்த ஃபைலின் பெயரோடு "இன்அப்ராப்ரியேட் ஐயாக்டில் ஃபார் டிவைஸ்", அதாவது இந்த டிவைஸுக்குப் பொருந்தாத அழைப்பு, என்று வருகிறது. டிவைஸ் என்று பார்த்ததும் அவருக்கு டிஸ்க் மேல் சந்தேகம். கேபிளைக் கழற்றி மாட்டியிருக்கிறார், கடைசியில் டிஸ்க்கையே மாற்றிவிட்டார். நிர்வாகி யூசரான ரூட்டாக நுழைந்து கையால் ஓட்டினால் ஒழுங்காக நகலாகிறது. மறுநாள் இரவு க்ரானில் மீண்டும் அதே வரி.

நான் என் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். இல்லாத ஃபைலைக் கொடுத்தால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". படிக்கும் அனுமதியை எடுத்துவிட்டுக் கொடுத்தால் "பெர்மிஷன் டினைட்". எல்லாம் சரியாகத்தான் சொன்னது. "எனக்கு அப்படி வரவில்லையே" என்று பதில் போட்டேன். புகார் கொடுத்தவருக்கு இதைவிட எரிச்சலூட்டும் பதில் வேறு இருக்க முடியாது என்று தெரிந்தும் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அவர் பார்ப்பது லாக் ஃபைல், நான் பார்ப்பது டெர்மினல் திரை. அதே கமாண்டின் கடைசியில் 2> போட்டு பிழை வரிகளை ஒரு ஃபைலுக்குத் திருப்பினேன். திறந்து பார்த்தால் ஐயாக்டில்! அனுமதி இல்லாத அதே ஃபைல்தான். திரையில் ஒன்று சொல்கிறது, ஃபைலில் வேறொன்று எழுதுகிறது.

டூல் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு விடும் அழைப்புகளையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டதும் மூன்று வரிகளில் கதை தெரிந்தது. முதல் வரியில் ஃபைலைத் திறக்கும் அழைப்பு, விடை -1, அதாவது தோல்வி, காரணம் அனுமதி இல்லை. அடுத்த வரியில் இரண்டாம் எண் டிஸ்கிரிப்டர் மேல், அதாவது பிழை வரிகள் போகும் வழியின் மேல், ஓர் ஐயாக்டில் அழைப்பு. அதற்கும் விடை -1. மூன்றாவது வரி, தப்பான செய்தியை எழுதும் அழைப்பு. நடுவில் அந்த ஐயாக்டிலுக்கு என்ன வேலை?

சிஸ்டம் அழைப்பு தோற்றால் காரணத்தை எர்னோ என்ற மாறியில் ஓர் எண்ணாகப் போட்டுவைக்கும். லினக்ஸில் 2 என்றால் ஃபைல் இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை, 28 என்றால் இடம் இல்லை. அடுத்த அழைப்பு ஏதாவது தோற்றால் பழைய எண்ணின் மேலேயே புது எண் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் பிழை அச்சிடும் ஃபங்ஷன், "பிழை" என்ற சொல்லைச் சிவப்பில் காட்டலாமா என்று முடிவு செய்ய, எதிரே இருப்பது டெர்மினல்தானா என்று அந்த ஐயாக்டில் மூலம் முதலில் கேட்கிறது. டெர்மினல் என்றால் சிக்கல் இல்லை, 13 அப்படியே இருக்கும். லாக் ஃபைல் என்றால் "இல்லை" என்ற விடையோடு எர்னோவில் 25 வந்து விழும். அதற்கப்புறம்தான் நாங்கள் எண்ணைச் சொல்லாக மாற்றுகிறோம். 25-க்கு உரிய சொல்தான் அந்த ஐயாக்டில் வாசகம். பழைய யூனிக்ஸில் இதே எண்ணுக்கு "நாட் எ டைப்ரைட்டர்" என்று வரும். அதுவே இருந்திருந்தால் அந்த மனிதர் டிஸ்க்கையாவது மாற்றாமல் இருந்திருப்பார்.

சிவப்பு நிறத்தைச் சேர்த்தவன் நான்தான். சேர்த்த அன்று எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

திருத்தம் சின்னது. ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும் எர்னோவை எடுத்துப் பத்திரப்படுத்தினாலே போதும். ஆனால் நாளை யாராவது அதற்கு மேலே ஒரு வரி சேர்த்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அதனால் பிழை எண்ணை அழைப்பவரே கையில் கொடுக்கும்படி மாற்றினேன். குனு சி நூலகத்தின் எரர் ஃபங்ஷனும் எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. எதற்கு இந்தச் சடங்கு என்று முன்பு நினைத்திருக்கிறேன்.

கையோடு மற்ற செய்திகளையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்காராமலே இருந்திருக்கலாம். ஓரிடத்தில் ஃபைலைத் திறக்க முடியாவிட்டால் காரணமே கேட்காமல் "ஃபைல் இல்லை" என்று அச்சிட்டுக்கொண்டிருந்தது. திறந்த ஃபைல்களின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டியிருந்தாலும் அதே பதில்தான். இன்னோரிடத்தில் பெயர் மாற்றும் அழைப்பு. போய்ச் சேரவேண்டிய ஃபோல்டர் இல்லாவிட்டாலும் அந்த அழைப்பு 2-ஐத்தான் தரும். நாங்களோ மூலத்தின் பெயரை மட்டும் போட்டு "நோ சச் ஃபைல்" என்றோம். ஃபைல் கண்ணெதிரே இருக்கும், டூலோ அது இல்லை என்று சாதிக்கும். பெயர் மாற்றும் எம்வி கமாண்ட் போல இரண்டு பெயரையும் காட்டும்படி ஆக்கினேன்.

எல்லாவற்றிலும் மோசம் பிழையே வராத பிழை. லினக்ஸில் டெவ் ஃபுல் என்று ஒரு போலிச் சாதனம் உண்டு. எதை எழுதினாலும் இடம் இல்லை என்று சொல்வதே அதன் பிழைப்பு. எங்கள் டூல் எழுதும் அறிக்கையை அதற்குள் அனுப்பினேன். "முடிந்தது" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வெளியேறியது. எழுதியதெல்லாம் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் கிடக்க, மூடும்போதுதான் நிஜமான எழுத்து நடக்கிறது. மூடியதன் விடையை நாங்கள் பார்க்கவே இல்லை.

அப்புறம் டெஸ்ட். அனுமதி இல்லாத ஃபைலை வைத்து ஒன்று எழுதினேன். என் கணினியில் தேறியது, தானியங்கிச் சோதனையில் விழுந்தது. அங்கே கன்டெய்னர் என்ற தனிச் சூழலுக்குள் எல்லாமே ரூட்டாக ஓடுகிறது. ரூட்டுக்கு எந்தக் கதவும் பூட்டில்லை. புகார் கொடுத்தவர் கையால் ஓட்டியபோது வேலை செய்ததற்கும் இதுதான் காரணம். சாதாரண யூசராக மாறி ஓடும்படி செய்தேன். இன்னொன்று, டெர்மினலில் ஓட்டி ஒரு முறை, ஃபைலுக்குத் திருப்பி ஒரு முறை என்று ஒவ்வொரு டெஸ்ட்டும் இப்போது இரண்டு தடவை ஓடுகிறது.

புது வெர்ஷன் வெளியானது. டிஸ்க் மாற்றியவரின் லாகில் "பெர்மிஷன் டினைட்" வந்தது, அவர் ஃபைலின் உரிமையாளரை மாற்றினார், விஷயம் முடிந்தது. ஒரு வாரம் கழித்து வேறொருவர் எழுதினார். நகல் தோற்றால் தனக்கு மெயில் வரும்படி ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தாராம், இப்போது மெயில் வருவதில்லையாம். ஸ்கிரிப்டை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். லாகில் "ஐயாக்டில்" என்ற சொல்லை கிரெப் கமாண்டால் தேடிக்கொண்டிருந்தார். டூல் முடியும்போது வெற்றியா தோல்வியா என்று எண்ணாகச் சொல்லும் எக்ஸிட் கோடைப் பாருங்கள், அதை நாங்கள் மாற்றவில்லை என்று பதில் எழுதினேன்.