சித்தப்பா வழக்கு: நீதிமன்றத்தில் கேட்க இடமில்லாத கேள்விகள்

எங்கள் சித்தப்பா பேருந்து ஓட்டுநர். முதல் பேருந்தை எடுக்க வேண்டிய நாள்களில் விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வீட்டிலிருந்து மோட்டார்சைக்கிளில் கிளம்பிவிடுவார். அப்படிக் கிளம்பிய ஒரு நாள், சிவப்பு விளக்கில் நிற்காமல் வந்த கார் அவரை மோதித் தள்ளியது. காரை ஓட்டியவர் குடித்திருந்தார். சித்தப்பா அந்த இடத்திலேயே போய்விட்டார். ஓட்டியவருக்குக் கையில் சிராய்ப்பு.

சித்திக்கு ஆங்கிலம் அரைகுறை. தங்கை அப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு. அதனால் போலிஸ், நீதிமன்றம், காப்புறுதி என்று அலைந்தது பெரும்பாலும் நான்தான். இப்படி ஒரு சாவு நடந்த வீட்டில் அடுத்து என்னென்ன வரும் என்று சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. ஆளாளுக்குச் சொன்ன யோசனையில் பாதி தப்பு. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் வருவது பிணவறை. அவுட்ரமில் பொது மருத்துவமனை வளாகத்துக்குள் இருந்தது. அடையாளம் காட்ட நானும் மாமாவும் போனோம். சித்தி வீட்டிலிருந்து போனில், “அறுக்க வேண்டாம்னு சொல்லுப்பா” என்று அழுதார். சொன்னேன். குடும்பம் சொல்வதைக் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் முடிவு மரண விசாரணை அதிகாரியுடையது. வழக்கு வரக்கூடிய சாவு என்பதால் பிரேதப் பரிசோதனை நடந்தது. மாலைக்குள் உடலைக் கொடுத்துவிட்டார்கள், மறுநாள் மண்டாயில் தகனம். இறப்புச் சான்றிதழுக்கு எங்கும் வரிசையில் நிற்க வேண்டாம். 2022 மே மாத இறுதியிலிருந்து அது மின்னிலக்கமாகத்தான் வருகிறது, இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

அவருடைய பொருள்களை ஒரு பட்டியலோடு கொடுத்தார்கள். கைக்கடிகாரம், பணப்பை, சாவிக்கொத்து. “சாப்பாட்டு டப்பா ஒன்று, உடைந்தது” என்றும் அதில் ஒரு வரி. தலைக்கவசமும் கைப்பேசியும் வழக்குக்குத் தேவை என்று வைத்துக்கொண்டார்கள்.

கருமாதி முடிந்த அன்று ராத்திரி சித்தி என்னை உட்கார வைத்துக் கேட்டார். எங்கே குடித்தான்? கூட இருந்தவர்கள் யாரும் தடுக்கவில்லையா? எவ்வளவு குடித்திருந்தான்? மோதிய பிறகு இறங்கி வந்து பார்த்தானா? இவருக்கு வலித்திருக்குமா? நான் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். நீதிமன்றத்தில் எப்படியும் வந்துவிடும் என்றுதான் இருவருமே இருந்தோம்.

வழக்கைக் கவனித்த போலிஸ் விசாரணை அதிகாரி நல்ல மனிதர். சித்தியை “ஆன்ட்டி” என்றுதான் கூப்பிடுவார். அழைத்தால் எடுப்பார், எடுத்தால் ஒரே பதில்: விசாரணை நடக்கிறது, இப்போது எதுவும் சொல்ல முடியாது. ஓட்டியவரின் உரிமத்தை உடனே முடக்கிவிட்டதை மட்டும் சொன்னார். அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவர் எம்.பி.யைப் போய்ப் பாருங்கள் என்றார். போனோம். பொறுமையாகக் கேட்டார், கடிதமும் எழுதிக் கொடுத்தார். அதற்கு மரியாதையான பதில் ஒன்று வந்தது. அதிலும் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

எவ்வளவு குடித்திருந்தார் என்ற கேள்விக்காவது ஒரு எண் இருக்குமே என்று நினைப்பீர்கள். இங்கே சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம். ரத்தம் என்றால் 100 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம். அதைத் தாண்டியிருந்தார் என்பது உறுதி. ஆனால் குற்றச்சாட்டில் இருந்த எண், விபத்துக்கு வெகுநேரம் கழித்து எடுத்த சோதனையின் எண். குடித்தது உடம்பில் மெல்லக் குறைந்துகொண்டே வரும் அல்லவா? சம்பவ நேரத்தில் சோதனையில் வந்த அளவுக்குக் குறையாமல் இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. குற்றத்தை நிரூபிக்க அது போதும். விடியற்காலை அந்தச் சிக்னலில் அவர் உடம்பில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்பதைக் கணக்குப் போட யாருக்கும் தேவை வரவில்லை.

அடுத்தது மரண விசாரணை. 2021 பிப்ரவரி 13, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் விடியலில் தஞ்சோங் பகாரில் ஒரு கார் கடைவீட்டில் மோதித் தீப்பிடித்து ஐந்து இளைஞர்கள் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். ஓட்டியவரும் அதில் இறந்துவிட்டார், வழக்குப் போட ஆள் இல்லை. அதனால் எல்லாம் மரண விசாரணையில் விரிவாக வந்தது. அவருடைய 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 86 மில்லிகிராம் மது இருந்தது, கார் என்ன வேகத்தில் போனது, அதற்குமுன் எங்கே இருந்தார்கள் என்பதுவரை. எங்களுக்கும் அப்படி ஒன்று நடக்கும் என்றே இருந்தோம்.

நடக்கவில்லை. சாவுக்குக் காரணமானவர் மீது குற்றம் சாட்டப்பட்டால் மரண விசாரணை தள்ளிவைக்கப்படும். குற்றவழக்கு முடிந்தபின் அதைத் திரும்பத் தொடங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்று கண்டறிவதுதான் மரண விசாரணை அதிகாரியின் வேலை. யார் குற்றவாளி என்பது அவர் வேலை இல்லை. அந்த நான்கும் குற்றவழக்கிலேயே தெரிந்துவிட்டது என்றால் கோப்பை மூடிவிடலாம். எங்கள் கோப்பும் அப்படித்தான் மூடியது. கொன்றவர் செத்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்கும் விவரம், அவர் உயிரோடு இருப்பதால் கிடைக்கவில்லை. இதை நான் எத்தனை விதமாகச் சொல்லியும் சித்திக்கு விளங்க வைக்க முடியவில்லை. எனக்கே முழுசாகப் பிடிபடவில்லை என்பதுதான் உண்மை.

சரி, குற்றவழக்காவது? ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கும் அரசு நீதிமன்றங்களில்தான் நடந்தது. நமக்கென்று அழைப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம். எந்த வழக்கு எந்த அறையில் என்பதை நீதிமன்ற இணையத்தளத்தில் பார்க்கலாம். பார்வையாளர் பகுதியில் யாரும் உட்காரலாம். பல தேதிகள் வெறும் ஒத்திவைப்பு. விடுப்பு எடுத்துப் போனால் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சாட்சிக்கும்தான். சித்தி காதில் நான்தான் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சொந்தக்காரர்கள் எல்லாம் நல்லது என்றார்கள். ஆனால் ஒப்புக்கொண்டால் சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. அரசுத் தரப்பு சம்பவ விவர அறிக்கையைப் படிக்கும், அவர் ஆமாம் என்பார், அவ்வளவுதான். அந்த அறிக்கையில் குற்றச்சாட்டுக்கு வேண்டியது மட்டும் இருக்கும். நேரம், சாலை, விளக்கு, வேகம், அளவு. “நண்பர்களுடன் மது அருந்தினார்” என்று ஒரு வாக்கியம். கடைகளில் இரவு 10.30-க்கு மேல் மது விற்க முடியாத ஊரில், விடியும்வரை எங்கே, யாரோடு என்று இல்லை. அதற்குப் பிறகு அவருடைய வழக்கறிஞர் எழுந்து அவர் குடும்ப நிலையை நீண்ட நேரம் பேசினார். அவர் அம்மாவின் உடல்நிலைகூட எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்திலிருந்து பாதிப்பு அறிக்கை ஒன்று கொடுக்கலாம் என்று விசாரணை அதிகாரி முன்பே சொல்லியிருந்தார். சித்தி தமிழில் சொல்ல நான் எழுதினேன். அதில் நம் வேதனையைச் சொல்லலாம், கேள்வி கேட்க முடியாது. சித்தி சொன்னதில் முக்கால்வாசி கேள்வி. அதையெல்லாம் எடுத்தபின் மிஞ்சியது அரைப் பக்கம்.

தண்டனை எத்தனை ஆண்டு என்பதை எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு அதிலேயே நின்றுவிடும். ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தால் முதல் முறை குற்றவாளிக்கு 8 ஆண்டுவரை சிறை, குடித்திருந்தால் அதற்கு மேலும் உண்டு. சட்டத்தில் இருப்பது அது.

வழக்கு முடிந்தபின்தான் கொஞ்சம் கதவு திறந்தது. தலைக்கவசத்தைத் திருப்பித் தர அழைத்த விசாரணை அதிகாரி எங்களை உட்கார வைத்துப் பேசினார். இரண்டு இடத்தில் குடித்திருக்கிறார்கள். நண்பர்கள் டாக்சி பிடித்துப் போய்விட்டார்கள். மோதிய பிறகு அவர் காரை விட்டு இறங்கினார், சாலையோரம் நின்று போனில் பேசினார். ஆம்புலன்ஸ் எண்ணான 995-க்கு அழைத்தது பின்னால் வந்த லாரி ஓட்டுநர். காரை ஓட்டியவர் போனில் யாரோடு பேசினார் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி வாங்கினோம். எங்கள் பேட்டை மருந்தகத்து டாக்டர் அதைப் பக்கம் பக்கமாகப் படித்து, “அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. விழுந்ததுமே நினைவு போயிருக்கும்” என்றார். சித்தி அவரை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். இதே நிலையில் இருப்பவர்கள் அந்த அறிக்கையைத் தனியாக வீட்டில் பிரிக்காதீர்கள். விளக்கிச் சொல்ல ஒரு டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. வேலைக்குப் போகும் வழியில்தானே என்று பலரும் கேட்டார்கள்; முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் போனால் ஒழிய, வேலையிட இழப்பீட்டுச் சட்டம் வழிப்பயணத்துக்குப் பொருந்தாது. ஓட்டியவர் குடித்திருந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடும் என்பதும் தவறு. மூன்றாம் தரப்பின் உயிருக்கு அது கொடுத்தாக வேண்டும், பிறகு அவரிடம் வசூலிப்பது அதன் பாடு. துக்கத்துக்கென்று சட்டம் வைத்திருக்கும் தொகை 15,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அது தவிர, இறந்தவர் சம்பாத்தியத்தை நம்பியிருந்தவர்கள் கேட்கும் இழப்பீடு தனி. இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். சம்பளச் சீட்டு, மத்திய சேம நிதிக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

காப்புறுதித் தரப்பு இப்போது ஒரு தொகை சொல்லியிருக்கிறது. மோசமான தொகை இல்லை என்கிறார் எங்கள் வழக்கறிஞர். ஆனால் கையெழுத்துப் போட்டால் வழக்கு இல்லை, காரை ஓட்டியவரைக் கூண்டில் ஏற்றி யாருக்குப் போன் செய்தாய் என்று கேட்கும் கடைசி வாய்ப்பும் இல்லை. வழக்குப் போட்டாலும் அந்தக் கேள்வியை நீதிபதி அனுமதிப்பார் என்று சொல்ல முடியாது, தொகையும் குறையலாம். வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம் என்கிறாள் தங்கை. சித்தி இன்னும் பேனாவைத் தொடவில்லை. 3 ஆண்டுக் கெடு முடிய மாதங்கள் இருக்கின்றன.