ஜூனோவில் கிடைத்த நான்கு மணி நேரம்

சியாட்டிலில் புறப்பட்டு அலாஸ்கா சென்று ஏழு இரவுகளில் திரும்பும் ஓர் உல்லாசக் கப்பலில், உணவுக்கூடத்தில் வெயிட்டராக இருந்த என் இரண்டாவது ஒப்பந்தத்தில், வாரம் தவறாமல் ஜூனோ துறைமுகத்தில் இறங்கினேன். ஏப்ரல் கடைசியில் தொடங்கிய சீசனில் ஜூலை நடுப்பகுதிக்குள் பதினோரு முறை இறங்கியிருந்தும், வீட்டுக்குப் பணம் அனுப்பும் இடத்தையும், கப்பல்துறைக்கு எதிரே வாகன நிறுத்தக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் பொது நூலகத்தின் வைஃபையையும் தவிர அந்த ஊரில் எனக்கு எதுவும் தெரியாது. கப்பலை ஒட்டியே எழும் ராபர்ட்ஸ் மலையைத் தினசரிக் காலண்டரில் இருக்கும் படத்தைப் பார்ப்பதுபோல்தான் பார்த்து வந்தேன். நான் மன்னார்குடிக்காரன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயலும் வாய்க்காலும் உள்ள ஊரில் வளர்ந்த எனக்கு, மலை என்பது ஏறிப் பார்க்க வேண்டிய ஒன்றாக ஒருநாளும் தோன்றியதில்லை.

கப்பலில் எங்கள் ஓய்வு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சொன்னால்தான் அந்த நாளின் அருமை விளங்கும். கடல்சார் தொழிலாளர்களுக்கான 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வும், 7 நாட்களில் 77 மணி நேர ஓய்வும் தரப்பட வேண்டும் என்கிறது. அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது. அவற்றில் ஒரு துண்டாவது 6 மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மதிய உணவு முடிந்து இரவு உணவு தொடங்கும் வரை எங்களுக்குக் கிடைக்கும் நான்கு மணி நேரம், பெரும்பாலும் அந்த இரண்டாவது துண்டு. சட்டம் அதை ஓய்வு என்கிறது. நாங்கள் அதைத் தூக்கம் என்று புரிந்துகொண்டிருந்தோம். நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கேபினில், அடுக்குக் கட்டிலின் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் பகலும் இரவும் ஒன்றுதான்.

அந்தக் கேபினில் என் மேல்கட்டிலில் இருந்தவர் பிலிப்பைன்ஸின் பெங்கெட் மாகாணத்தைச் சேர்ந்தவர். பேக்கரியில் இரவுப் பணி. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர் என்பதால் அவர்கள் வழக்கப்படி ‘குயா’, அதாவது அண்ணன், என்றே அழைத்தேன். நான் காலையில் எழும்போது அவர் மாவு படிந்த காலணியோடு உள்ளே வருவார். நான் இரவில் திரும்பும்போது அவர் கிளம்பிப் போயிருப்பார். பல மாதங்கள் எட்டடிக்குப் பத்தடி அறையில் ஒன்றாக வாழ்ந்தும், அவரை நான் அறிந்தது மூடிய நீலத் திரையாகத்தான். அவருடைய உறக்கம் கலையக் கூடாது என்று அலமாரியைச் சத்தமின்றித் திறக்கப் பழகினேன்; எனக்காக அவரும் அப்படியே பழகியிருந்தார். அதை மரியாதை என்றுதான் நினைத்தோம், அது உண்மையும்கூட.

ஜூலையில் ஒரு நாள், நான் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது திரை விலகியது. அவர் ஆறு மணி நேரம் தூங்கி எழுந்திருந்தார். மழை நின்றுவிட்டது என்று யாரோ சொன்னார்களாம். மலைக்குப் போகலாமா, தனியாகப் போகக் கூடாது என்றார். அவசரநிலைக்காகக் கப்பலிலேயே தங்க வேண்டியவர்களின் பட்டியலில் அன்று எங்கள் இருவர் பெயரும் இல்லை. ஒன்று நாற்பதுக்கு, கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் கேங்வேயில் அட்டையைக் காட்டி இறங்கினோம்.

கரையிலேயே ரோப் கார் நிலையம் இருக்கிறது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான திலிங்கிட் மக்களைப் பங்குதாரர்களாகக் கொண்ட கோல்ட்பெல்ட் நிறுவனத்துக்குச் சொந்தமான அது, ஏறத்தாழ 1,800 அடி உயரத்துக்குச் சில நிமிடங்களில் கொண்டுபோய்விடும். நாங்கள் ஏற்றத்துக்கு நடையையும் இறக்கத்துக்கு ரோப் காரையும் தேர்ந்தெடுத்தோம். செங்குத்தான தெருக்களில் ஏறி, பேசின் சாலை அருகே பாதை காட்டுக்குள் நுழைந்ததும், ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரங்களின் வேர்கள் பாதையின் குறுக்கே படிக்கட்டுகளைப்போல் ஓடின. ‘டெவில்ஸ் கிளப்’ என்ற செடியைத் தொட்டுவிடாதே என்று அவர் கையால் மறித்துக் காட்டினார். குடைபோல் விரிந்த இலை, தண்டு முழுக்க மெல்லிய முட்கள். கீழே பள்ளத்தாக்கில் ஓடும் கோல்ட் கிரீக்கின் இரைச்சல் கேட்டது. 1880இல் திலிங்கிட் தலைவர் கோவீ வழிகாட்ட, ஜோ ஜூனோவும் ரிச்சர்ட் ஹாரிஸும் தங்கம் கண்ட பகுதி அது. ஊர் பிறந்ததே அதனால்தான்.

அங்கே கருங்கரடிகள் உண்டு. திடீரென்று எதிர்ப்பட்டு அவற்றைத் திடுக்கிடச் செய்யக் கூடாது என்பதற்காக, நடப்பவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டே போக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஒருவர் தூக்கத்தை மற்றவர் கெடுக்காமலிருக்க பல மாதங்கள் வாய்மூடி இருந்த நாங்கள், அன்று கரடிக்காக உரத்துப் பேச வேண்டியதாயிற்று. என்ன பேசுவது என்று முதலில் தெரியவில்லை. பிறகு, அவர்களுடைய மலைச்சரிவுத் தோட்டத்தில் முட்டைக்கோஸும் ஸ்ட்ராபெரியும் விளைவதையும், விடியுமுன் கூடைகளைச் சுமந்து சாலைக்கு இறக்கிய சிறுவயதையும் அவர் சொன்னார். அவர் மூச்சு வாங்காமல் ஏறியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று ஜூன் மாதத்தில் மேட்டூர் அணைச் செய்திக்காக அப்பா வானொலி அருகில் உட்கார்ந்திருந்ததை நான் சொன்னேன். தன் தாய் பிப்ரவரியில் இறந்ததையும், அடக்கத்துக்குப் போக முடியாததையும் அவர் நடந்தபடியே, அதே உரத்த குரலில் சொன்னார். பிப்ரவரியின் அந்த நாட்களில் நானும் அந்த அறையில்தான் இருந்தேன். திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் தாயை இழந்து கிடந்திருக்கிறார்; நான் அலமாரியை ஓசையின்றி மூடிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன். அதை நினைக்கையில் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ரோப் காரின் மேல் நிலையத்தைத் தாண்டியபோது, உயிருள்ள மரங்களில் பட்டையை நீக்கிச் செதுக்கப்பட்ட திலிங்கிட் உருவங்களைக் கண்டோம். அதற்கும் மேலே மரங்கள் குட்டையாகி, ஃபாதர் பிரவுன் பெயரால் அறியப்படும் மரச் சிலுவை வெட்டவெளியில் நின்றது. 3,819 அடி உச்சிக்குப் போக எங்களுக்கு நேரமில்லை. அவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவைக் குறியிட்டு, சிறிது நேரம் தலைகுனிந்து நின்றார். கீழே காஸ்டினோ கால்வாயும் எதிரே டக்ளஸ் தீவும் தெரிந்தன. பாறையிடுக்கில் மிச்சமிருந்த பனியில் ஒரு பிடியை அள்ளி, மாவைப் பதம் பார்ப்பதுபோல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என் உள்ளங்கையில் வைத்தார். நான்கரைக்கு ரோப் காரில் இறங்கி, ஐந்து மணிக்குச் சீருடையில் நின்றேன். அன்றிரவு கனமான ட்ரேயோடு கப்பல் சமையலறையின் படிகளில் ஏறும்போது தொடைகள் நடுங்கின. ஆனால் அந்தப் பருவத்திலேயே களைப்பில்லாமல் பரிமாறிய இரவு அதுதான்.

மூன்று வாரம் கழித்து அவர் ஒப்பந்தம் முடிந்து, சைன் ஆஃப் ஆகி ஊருக்குப் போனார். இப்போது நான் ஹெட் வெயிட்டர்; எங்கள் பிரிவின் பணிநேரப் பட்டியலை எழுதுவது என் பொறுப்பு. ஓய்வின் மணிக்கணக்கை விதிப்படி நிறைவேற்றுவது எளிது. யாருடைய ஓய்வு யாருடைய ஓய்வோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க எந்த விதியும் என்னைக் கேட்பதில்லை. ஆனாலும் ஜூனோ நாளுக்குப் பட்டியல் எழுதும்போது, கேபின் எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். போன பருவத்தில் நாகர்கோவில் தம்பி ஒருவன் வந்து, “அண்ணே, என் ரூம்மேட்டுக்கும் எனக்கும் ஒரே நேரத்துல பிரேக் போட்டிருக்கீங்களே, வேணும்னுதானா?” என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி, என் மழைக்கோட்டை அவனிடம் கொடுத்தேன்.