ஒரே பெட்டிக்குள் இரண்டு பருவம்: வண்டி ஃபிரிட்ஜ் நாட்குறிப்பு

ஏப்ரல் 2

படுக்கவும் சமைக்கவும் இடமுள்ள பயண வண்டியில் நாளை மறுநாள் கிளம்புகிறோம். இன்று காலையிலேயே வண்டியின் ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டேன். வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி சில மணி நேரத்தில் வழிக்கு வருகிற ஜாதி இல்லை இது. ஒரு நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். உள்ளே கம்ப்ரஸர் கிடையாது. பின்புறம் ஒரு சின்ன கேஸ் சுடரோ மின் ஹீட்டரோ அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கும். பிரிந்து எழும் அம்மோனியா மேலே போய்க் குளிர்ந்து திரவமாகும். அது குழாய்க்குள் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஆவியாகும்போது பெட்டியில் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். 1922-இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. நெருப்பு வைத்துக் குளிரை உண்டாக்குவதை அப்பாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

ஏப்ரல் 3

காலையில் நடுத்தட்டில் 3 டிகிரி. வீட்டு ஃபிரிட்ஜில் ஏற்கெனவே குளிர்ந்த சாமானை மட்டும் ஏற்றினேன். வெதுவெதுப்பாக எதை வைத்தாலும் மறுபடி அரை நாள் காத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 5

இன்று இரண்டு அடி, ஒரே நாளில்.

மாலையில் பால் காய்ச்சினேன், திரிந்துவிட்டது. கதவின் மேல்தட்டில் வைத்திருந்த பால். சரி, பெட்டி வேலை செய்யவில்லை போல என்று குமிழைக் கூட்டப் போனேன். அதற்குள் அப்பா, "என்னப்பா இது, மருந்து உறைஞ்சு கிடக்கு" என்றார். பெட்டிக்குள் பின்பக்கம் இருக்கும் குளிர்த் தகடுகளை ஒட்டி அவருடைய இன்சுலின் பேனாக்கள் இரண்டை வைத்திருந்தேன். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஊசி ஊசியாகப் பனி. இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. உறைந்துபோனது உருகினாலும் போடக்கூடாது. இரண்டையும் தூக்கிப் போட்டோம். கையில் நடப்பில் இருந்த பேனாவும், கதவருகே தப்பிப் பிழைத்த இரண்டும் இருந்ததால் பயணம் தப்பியது.

மூன்று தெர்மாமீட்டரை மூன்று இடத்தில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கதவில் 9, நடுவில் 4, தகட்டருகே மைனஸ் 1. ஒரு முழ ஆழமுள்ள பெட்டிக்குள் பத்து டிகிரி வித்தியாசம்! குமிழில் இருக்கும் 1, 2, 3 எல்லாம் வெப்பநிலை என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

ஏப்ரல் 6

தகட்டில் மாட்டியிருக்கும் சென்சரை மேலே கீழே நகர்த்தினால் குளிர் கூடும் குறையும். ஆனால் அது மொத்தப் பெட்டியையும் சேர்த்துக் கூட்டும், சேர்த்துக் குறைக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும். ஃப்ரீசருக்குத் தனிக் குமிழும் இல்லை, அதுவும் கூடவே ஆடும். எனக்கு வேண்டியது காற்றோட்டம். அதனால் பேட்டரியில் ஓடும் சின்ன மின்விசிறியைக் கீழ்த்தட்டில் வைத்தேன். அடைத்து வைத்திருந்த டப்பாக்களில் பாதியை வெளியே எடுத்தேன். இன்சுலின் இனி நடுத்தட்டின் முன்பக்கம், மூடிய டப்பாவுக்குள்.

காற்றைக் காட்டும் எண்ணை நம்பாமல், ஒரு தெர்மாமீட்டரைத் தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்திருக்கிறேன். கதவைத் திறந்ததும் காற்று துள்ளும், தண்ணீர் துள்ளாது. உள்ளே இருக்கும் சாமானின் நிலை ஏறக்குறைய இதுதான்.

இரவு: கதவு 6, நடு 4, தகடு 2.

ஏப்ரல் 8

சரிவில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டோம். காலையில் ஃப்ரீசர் மைனஸ் 7. இருக்க வேண்டியது மைனஸ் 18.

இந்தப் பெட்டியில் திரவம் தன் எடையால்தான் ஓடுகிறது, பம்ப் எதுவும் தள்ளுவதில்லை. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் குழாயில் ஒரு மூலையில் தேங்கும். சுடர் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அப்படியே பல முறை விட்டால் கொதிகலம் காய்ந்து குழாய் நிரந்தரமாக அடைபடும், அப்புறம் முழு யூனிட்டையும் மாற்ற வேண்டியதுதான். ஓடும்போது பயமில்லை, குலுக்கலில் திரவம் தேங்காது. நின்றால்தான் வினை.

கொத்தனார் வைத்திருப்பாரே ரசமட்டம், அதில் சின்னது ஒன்று கருவிப் பெட்டியில் கிடந்தது. ஃப்ரீசரின் தரையில் வைத்துப் பார்த்து, இடது சக்கரங்களுக்கு அடியில் கட்டை கொடுத்து ஏற்றினேன். குமிழி நடுவுக்கு வந்தது. மாலைக்குள் மைனஸ் 14.

ஏப்ரல் 9

வெளியே 38 டிகிரி. பெட்டிக்குள் ஒட்டிய ஸ்டிக்கரில் 'எஸ்.என்.' என்று போட்டிருக்கிறது. 10 முதல் 32 டிகிரிச் சூழலுக்கான வகை. அதாவது இன்று அது செய்வதெல்லாம் உபகாரம். ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கத்துச் சுவர் நேர் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பி அந்தப் பக்கத்தை நிழலுக்குக் கொண்டுவந்தேன். ஃபிரிட்ஜின் பின்பக்கக் காற்றுச் சன்னலுக்குள் 12 வோல்ட் விசிறி ஒன்றைக் கட்டி, சூட்டை மேலே தள்ளவிட்டேன். மதியம் டம்ளர் 8 காட்டியது, இரவு 4-க்கு இறங்கியது. இடையில் 4-க்கு மேலே ரெண்டு மணி நேரம் தாண்டியதால் சமைத்து வைத்திருந்ததை மட்டும் கொட்டினேன். அப்பா முகம் சுளித்தார். அவர் குடிக்கும் தண்ணீர் பாட்டில் இனி தனி ஐஸ் பெட்டியில். ஒரு நாளைக்கு முப்பது தடவை கதவைத் திறப்பவர் அவர்தான்.

ஏப்ரல் 11

தகடுகளில் பனி படிந்திருந்தது. பனி கம்பளி போல. குளிரை உள்ளே விடாது. எல்லாவற்றையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றி, அணைத்துவிட்டு, ஒரு சட்டி வெந்நீரை உள்ளே வைத்தேன். கத்தியால் சுரண்ட அப்பா தயாராக நின்றார். கையிலிருந்து வாங்கி வைத்தேன். குழாயில் ஒரு துளை விழுந்தால் அம்மோனியா போய்விடும், கூடவே பெட்டியும். கதவு ரப்பரில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே பிசுக்கு. துடைத்ததும் பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 12

கதவு 5, நடு 3, ஃப்ரீசர் மைனஸ் 17. அப்பாவே நோட்டில் எழுதுகிறார்.

எரிபொருள் போடும் முன் சுடரை அணைத்தேன். திரும்பப் போட மறந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து, நோட்டோடு வந்து, "மூணு எப்படிப்பா அஞ்சாச்சு?" என்றார். நிறுத்திப் போய்ப் பற்ற வைத்தேன். இப்போது ஸ்டீயரிங்கில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. அதில் அவர் கையெழுத்தில் ஒரே வார்த்தை: 'நெருப்பு'.