விட்ஜெட்டில் நின்றுபோன மேட்டூர் நீர்மட்டம்

அப்பாவுக்காக ஒரு சின்ன ஆண்ட்ராய்டு செயலி எழுதியிருந்தேன். மேட்டூர் அணையின் நீர்மட்டம், வரத்து, திறப்பு, இந்த மூன்றும் முகப்புத் திரையில் விட்ஜெட்டாகத் தெரியும், அவ்வளவுதான். வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் தஞ்சாவூர்ப் பக்கம் பேச்சே அதுதான், 120 அடியில் இப்போது எவ்வளவு, குறுவைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று. போன வாரம் காலையில் அப்பா கூப்பிட்டார். "என்னடா, பேப்பர்ல ஒண்ணு போட்டிருக்கான், உன் போன்ல வேற காட்டுது?" விட்ஜெட் முந்தின நாள் மதியத்தோடு நின்றுபோயிருந்தது.

தப்பு என்னுடையது. எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு பின்னணி சர்வீஸ் (திரையில் தெரியாமல் பின்னால் ஓடும் செயலிப் பகுதி) வைத்து, அதிலிருந்து விட்ஜெட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8க்குப் பிறகு அது நடக்காது. செயலியை மூடிய சில நிமிடங்களில் சிஸ்டம் சர்வீஸை நிறுத்திவிடும், பின்னணியிலிருந்து மறுபடி கிளப்பப் பார்த்தால் எக்செப்ஷன், அதாவது பிழைதான் வரும்.

சரி என்று, பின்னணி வேலைகளை வரிசையில் வைத்து ஓட்டித்தரும் ஆண்ட்ராய்டு நூலகமான ஒர்க்மேனேஜருக்கு மாறினேன். 15 நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளியில் அது திரும்பத் திரும்ப ஓடாது, அணைக்கு அதுவே தாராளம். ஆனால் விட்ஜெட்டைப் புதுப்பிக்கச் சிஸ்டம் கூப்பிடும் ஆன்அப்டேட் என்ற பகுதிக்குள்ளேயே ஒருதடவை வேலையை வரிசையில் போட்டேன் பாருங்கள், அங்கேதான் மாட்டினேன். வேலை முடிந்து வரிசை காலியானதும் ஒர்க்மேனேஜர் சிஸ்டத்தின் அறிவிப்புகளைக் கேட்கும் தன் ரிசீவர் ஒன்றை முடக்குகிறது, செயலியே மாறிவிட்டது என்று சிஸ்டம் நினைத்து ஆன்அப்டேட்டை மறுபடி கூப்பிடுகிறது, அது மறுபடி வேலையைப் போடுகிறது. செயலியின் நடவடிக்கைகள் பதிவாகும் லாக்கில் ஒரே வரி நிற்காமல் ஓடியதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இப்போது ஆன்அப்டேட் எந்த வேலையையும் போடுவதில்லை, ஏற்கெனவே சேமித்து வைத்த எண்ணை எடுத்து வரைவதோடு சரி. இணையத்துக்குப் போய் வருவது தனி வேலை, அது விட்ஜெட் முதன்முதலில் சேர்க்கப்படும்போது ஒரே தடவை பதிவாகிறது.

அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் விட்ஜெட்டில் என்ன தெரியவேண்டும் என்று சொல்லும் ரிமோட்வியூஸை முழுசாகக் கட்டி அனுப்புங்கள், தொட்டால் செயலியைத் திறக்கச் சொல்லும் பெண்டிங்இன்டென்ட் உட்பட. எழுத்தை மட்டும் மாற்றி அனுப்பினால் அப்போதைக்கு வேலை செய்யும், முகப்புத் திரையை நடத்தும் லாஞ்சர் மறுபடி தொடங்கும்போது தொட்டாலும் திறக்காது.

கீழ் ஓரத்தில் அது எத்தனை மணித் தகவல் என்பதையும் சேர்த்துவிட்டேன். அப்பா முதலில் பார்ப்பது அந்த நேரத்தைத்தான்.