பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசிப்போம்

எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தை அறியாத கிறிஸ்தவர்கள் குறைவு. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்னும் அந்த வாக்கியம் வாழ்த்து அட்டைகளிலும், நாட்காட்டிகளிலும், நோயுற்றவர்களுக்கு எழுதும் கடிதங்களிலும் தவறாமல் இடம்பெறுகிறது. ஆறுதலைத் தேடுகிற மனம் ஆறுதலான வசனத்தைப் பற்றிக்கொள்வதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு நேர் முன்னே நிற்கும் 10ஆம் வசனத்தை எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை. பாபிலோனில் 70 வருஷம் முடிந்தபின்புதான் உங்களைச் சந்தித்துத் திரும்பிவரப்பண்ணுவேன் என்று கர்த்தர் அங்கே சொல்லுகிறார். அந்த வாக்குத்தத்தத்துக்கு ஒரு காலக்கெடு இருந்தது. அதுவும் கேட்டவர்களில் பெரும்பாலோருடைய ஆயுசுக்கு அப்பால் இருந்தது.

இந்த அதிகாரம் எரேமியா தீர்க்கதரிசி எழுதியனுப்பிய ஒரு கடிதம்; அது யாருக்குப் போனது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். கி.மு. 597ல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து எகொனியா ராஜாவையும், அவன் தாயையும், பிரபுக்களையும், தச்சரையும் கொல்லரையும் சிறைப்பிடித்துக்கொண்டு போனான். அப்படிப் போனவர்களுக்கே எரேமியா எழுதினார். நாற்பது வயதில் நாடுகடத்தப்பட்ட ஒருவன் அதை வாசித்தபோது, தான் இனித் தன் ஊரைப் பார்க்கப்போவதில்லை என்பதும் அந்த எழுத்திலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் பேரப்பிள்ளைகள் பார்க்கக்கூடும். அதற்காகவே கடிதம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்யுங்கள், உங்களைச் சிறைப்படுத்தின அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்று தொடங்குகிறது. 11ஆம் வசனத்தின் சமாதானம் இந்த வேலைகள் அனைத்துக்கும் பிறகே வருகிறது.

முந்தின அதிகாரத்தையும் புரட்டினால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. அனனியா என்னும் தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லா ஜனங்களுக்கும் முன்பாக நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பிவரும் என்று கர்த்தரின் பெயராலேயே அறிவித்தான். பாபிலோனுக்குப் பணியவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிறகு எடுத்து உடைத்தும் காட்டினான். எரேமியா அந்த அறிவிப்பைக் கேட்டுக் கோபப்படவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் முதலில் சொன்னார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அனனியாவின் வார்த்தை பொய்யாயிற்று. அந்த வருஷமே அவன் மரித்தான். ஆகவே 10ஆம் வசனத்தை விட்டுவிட்டு 11ஆம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது, நாம் எரேமியாவை வாசிப்பதாக நினைத்துக்கொண்டு அனனியாவின் செய்தியையே கேட்கிறோம் என்பது என் எண்ணம். இரண்டிலும் சொல்லப்படும் நன்மை ஒன்றே. காத்திருப்பு மட்டும் அகற்றப்பட்டிருக்கிறது.

வசனங்களைத் தனித்தனியே எடுப்பது நமக்கு இவ்வளவு எளிதாக இருப்பதற்கு அச்சிடும் முறையும் ஒரு காரணம். ராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சாளர் 1551ல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் போட்ட எண்களையே இன்றுவரை நாம் பின்பற்றுகிறோம். இடம் தேடிப் பிடிக்க அந்த எண்கள் மிகவும் உதவுகின்றன. ஆனால் பவுலின் நிருபத்தை முதன்முதலில் கேட்ட சபையாருக்கு எந்த எண்ணும் இல்லை; ஒருவர் வாசிக்க மற்றவர்கள் ஆதியோடந்தமாகக் கேட்டார்கள். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைக் கேட்ட பிலிப்பியர், பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்று அவர் அதற்குச் சற்றுமுன் சொன்னதையும், அவர் விலங்கிடப்பட்டவராய் அதை எழுதினார் என்பதையும் அறிந்தே கேட்டார்கள். அவர்களில் யாரும் அதைத் தேர்விலோ போட்டியிலோ வெற்றி கிடைக்கும் என்னும் உறுதிமொழியாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எனவே நான் வேதவாசிப்பில் புத்தகம் புத்தகமாகப் போவதையே விரும்புகிறேன். 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள்; நாளுக்கு மூன்று நான்கு அதிகாரங்கள் வாசித்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். ராபர்ட் மர்ரே மெக்செயின் என்னும் ஸ்காட்லாந்து போதகர் 1842ல் தம் சபையாருக்காக வகுத்த அட்டவணையை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். அதை வகுத்தவரே, வாசிப்பு வெறும் சடங்காகிவிடும் ஆபத்து உண்டு என்றும் எச்சரித்திருந்தார். அட்டவணையைப் பின்பற்றுகிறவர்கள் பலர் அந்த எச்சரிக்கையை மட்டும் மறந்துவிடுகிறார்கள். நான் அவ்வளவு வேகமாகப் போவதில்லை. ஒரு வாக்குத்தத்தம் வந்தவுடன் நின்று, இது யாருக்குச் சொல்லப்பட்டது, எப்போது நிறைவேறியது, இடையில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். இந்த மூன்றாவது கேள்வியே எனக்கு அதிகம் கற்றுத்தந்திருக்கிறது.

ஆபிரகாமை எடுத்துக்கொள்வோம். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இடையிலுள்ள 25 வருஷங்களில் பஞ்சம் வந்தது, எகிப்துக்குப் போனார், மனைவியைச் சகோதரி என்றார், லோத்து பிரிந்தான், 86ஆம் வயதில் ஆகார் இஸ்மவேலைப் பெற்றாள். "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்னும் புகழ்பெற்ற வசனம் ஆதியாகமம் 15ன் 6ஆம் வசனம். அதற்கு இரண்டு வசனங்கள் தள்ளி, அதே மனிதர், இந்த தேசத்தைச் சுதந்தரித்துக்கொள்வேன் என்று எதினால் அறிவேன் என்று கேட்கிறார். விசுவாசித்தவர் கேட்ட கேள்வி அது. கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மிருகங்களைத் துண்டித்து எதிரெதிராக வைக்கச் சொல்லி உடன்படிக்கை செய்தார். அந்தத் துண்டங்களின் நடுவே புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் கடந்துபோயின. ஆபிரகாம் கடந்துபோனதாக எழுதப்படவில்லை. உடன்படிக்கையின் பாரம் முழுவதையும் தேவன் தாமே ஏற்றுக்கொண்டார் என்றே நான் அதை வாசிக்கிறேன். அதே இரவில், உன் சந்ததியார் அந்நிய தேசத்தில் 400 வருஷம் உபத்திரவப்படுவார்கள் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. தேசம் முழுவதும் வாக்களிக்கப்பட்டவர் தம் ஆயுளில் விலைகொடுத்து வாங்கிச் சுதந்தரித்தது மக்பேலாவின் நிலமும் குகையும் மட்டுமே. அதுவும் சாராளை அடக்கம்பண்ண, 400 சேக்கல் வெள்ளிக்கு. இந்த ஒரு செய்தியைச் சேர்த்து வாசிக்காவிட்டால், வாக்குத்தத்தங்களை அடையாமல் தூரத்திலே அவைகளைக் கண்டு விசுவாசத்தோடே மரித்தார்கள் என்று எபிரெயர் 11 சொல்வதன் கனம் நமக்கு விளங்காது.

என் தாயார் நோயுற்றுப் படுக்கையில் இருந்த மாதங்களில் 91ஆம் சங்கீதத்தை அவருக்கு அடிக்கடி வாசித்துக் காட்டுவேன், அவரே கேட்பார். பொல்லாப்பு உனக்கு நேரிடாது என்னும் வரியில் என் குரல் தடுமாறும். நேரிட்டுக்கொண்டிருந்ததே! அந்நாட்களில்தான் சங்கீதத்தின் கடைசிப் பகுதியைக் கவனித்தேன். அங்கே "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று தேவன் சொல்லுகிறார். ஆபத்தே இல்லாதவனுக்கு அந்த வார்த்தை தேவைப்படாது. அம்மா குணமடையவில்லை. ஆயினும் அவர் அந்தச் சங்கீதத்தை வெறுக்கவுமில்லை, நான் வாசிப்பதை நிறுத்தச் சொல்லவுமில்லை; அந்த வரி வரும்போது என்னோடு சேர்ந்து முணுமுணுப்பார்.

இதே சங்கீதத்தைச் சோதனைக்காரனும் எடுத்தாண்டான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆலயத்தின் உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக்குதியும், தேவதூதர்கள் உம்மை ஏந்திக்கொண்டு போவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்றான். எழுதியிருந்தது உண்மை. இயேசு அந்த வாக்குத்தத்தத்தை மறுக்கவில்லை. உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்னும் உபாகமத்தின் கட்டளையை அதன் அருகில் வைத்தார். வசனத்தை வசனத்தோடு வைத்து வாசிப்பதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரியை நான் அறியேன். அற்புதத்தைக் கட்டாயப்படுத்தி, தேவன் உண்மையுள்ளவரா என்று சோதித்துப் பார்ப்பதும், அவர் உண்மையுள்ளவர் என்று நம்பி நடப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றலாம்.

இப்படிப் பார்த்தால் எந்த வாக்குத்தத்தத்தையும் நம்முடையதென்று சொல்ல முடியாதே என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வேதாகமமே அதற்கு வழி காட்டுகிறது. "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பது மோசே மரித்தபின் யோசுவாவுக்குச் சொல்லப்பட்டது. யோர்தானைக் கடக்கவேண்டிய ஒரு படைத்தலைவனுக்கு உரியது. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் அதே வார்த்தையை எடுத்து, பண ஆசையில்லாமல் உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள் என்னும் புத்திமதிக்கு ஆதாரமாக வைக்கிறது. யுத்தகளத்தில் சொல்லப்பட்டது குடும்பச் செலவைப் பற்றிய கவலைக்குள் வருகிறது. யோசுவாவின் தேசம் நமக்கு வாக்களிக்கப்படவில்லை, யோசுவாவோடிருந்தவர் வாக்களிக்கப்பட்டிருக்கிறார். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கிறதாக 2 கொரிந்தியர் 1ல் பவுல் எழுதுவதையும் நான் இப்படியே புரிந்துகொள்கிறேன். சூழ்நிலையின் நுணுக்கங்கள் அவரவருக்கு உரியவை. வாக்களித்தவரின் குணம் எல்லாருக்கும் உரியது.

நிறைவேறாததுபோல் தோன்றும் வாக்குத்தத்தத்தைப் பற்றித் தேவனிடமே முறையிடுவது அவிசுவாசம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவர்கள் 89ஆம் சங்கீதத்தை ஒரே அமர்வில் வாசிக்கவேண்டும். 37 வசனங்கள் வரை தாவீதுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கைப் புகழ்ந்து பாடியபின், 38ஆம் வசனத்தில் திடீரென்று திரும்பி, நீர் எங்களை வெறுத்துத் தள்ளிவிட்டீர் என்று சங்கீதக்காரன் கூறுகிறான்; ஆண்டவரே, உமது பூர்வ கிருபைகள் எங்கே என்றும் கேட்கிறான். அந்தக் கேள்விக்குச் சங்கீதத்துக்குள் பதில் இல்லை. வாக்கை நம்பாதவனுக்கு இப்படிக் கேட்க உரிமையும் இல்லை, அவசியமும் இல்லை.

எரேமியாவின் கடிதத்துக்கே திரும்பினால், அதை முழுமையாக வாசித்த ஒரு வாசகரை வேதாகமம் நமக்குக் காட்டுகிறது. தானியேல் 9ஆம் அதிகாரத்தில், மேதியனாகிய தரியு ஆளத்தொடங்கிய முதலாம் வருஷத்திலே, 70 வருஷம் என்று கர்த்தர் எரேமியாவுக்குச் சொன்ன தொகையைப் புஸ்தகங்களால் அறிந்துகொண்டேன் என்கிறார் தானியேல். பாபிலோன் விழுந்தது கி.மு. 539ல், இளைஞனாகச் சிறைப்பட்டு வந்தவர் அப்போது முதியவர். கணக்கு முடியும் தறுவாயில் இருப்பதைக் கண்ட அவர் ஊருக்குப் புறப்பட ஆயத்தமாகவில்லை. உபவாசம்பண்ணி, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, தம் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிட்டு விண்ணப்பம்பண்ணினார். நடக்கப்போகிறது என்று எழுதியிருப்பதற்காக ஏன் ஜெபிக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றும். அவருக்கு எழுதப்பட்டிருந்ததே ஜெபிப்பதற்கான தைரியமாயிற்று. காபிரியேல் கொண்டுவந்த மறுமொழியோ எழுபது வாரங்களைப் பற்றியது. ஒரு நாளை ஒரு வருஷமாக எண்ணும் வழக்கமான விளக்கத்தின்படி, அது இன்னும் நீண்ட ஒரு காத்திருப்பு. தானியேல் எருசலேமுக்குத் திரும்பினதாக எங்கும் எழுதப்படவில்லை.

தற்போது நான் எஸ்றாவை வாசித்துக்கொண்டிருக்கிறேன். பெர்சிய ராஜாவாகிய கோரேசின் கட்டளையால் ஜனங்கள் திரும்பிவந்து, ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளில், முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் மகா சத்தமிட்டு அழுதார்கள், மற்றவர்கள் கெம்பீரித்தார்கள், எது எந்தச் சத்தம் என்று ஜனங்கள் பகுத்தறியக்கூடாதிருந்தது என்று 3ஆம் அதிகாரம் சொல்கிறது. 70 வருஷத்து வாக்குத்தத்தம் நிறைவேறிய இடத்தில் ஏன் அந்த அழுகை என்பதற்கு ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரம் ஏதோ சொல்லவருகிறது. இந்த ஆலயத்தின் முந்தின மகிமையைக் கண்டவர்கள் உங்களில் யார், இப்பொழுது இது உங்களுக்கு எப்படிக் காண்கிறது என்று அங்கே கர்த்தரே அவர்களைக் கேட்கிறார். எஸ்றாவை முடித்தவுடன் ஆகாயின் இரண்டு அதிகாரங்களையும் நிதானமாக வாசிக்கவிருக்கிறேன்.